இஸ்மாயிலியா போய்த் திரும்பிய மண்

சரோஜா அக்கா கொடுத்த பொட்டலத்தின் எடை இருநூற்று இருபது கிராம். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்து நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு போட்டு, நான்கு கோட்டுக்கு மேல் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணிப் பழகிய கை. எடுத்துப் போகும் பொருளின் எடை தெரியாமல் எனக்குப் பயணம் கிடையாது.

பொட்டலத்தில் இருந்தது வியாசர்பாடி மண்.

அக்கா என் பெரியப்பா கன்னியப்பனின் மகள். உலகப் போர் நடந்தபோது பெரியப்பா பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போனார். துப்பாக்கிப் படை அல்ல; ரோடு போடவும், மூட்டை தூக்கவும், பள்ளம் வெட்டவும் வைத்திருந்த படை. அவர் கப்பலேறும்போது அக்கா பெரியம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இஸ்மாயிலியா என்னும் ஊரின் ராணுவ ஆஸ்பத்திரியில் சீதபேதியால் இறந்தார், இறுதிச் சடங்கு அவருடைய மத வழக்கப்படி முறையாக நடத்தப்பட்டது என்று இங்கிலீஷில் நான்கு வரி. வீட்டில் எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் என் அப்பா ஒருவர்தான். அவர் படித்துவிட்டு, நம் வழக்கப்படி அடக்கம் செய்துவிட்டார்கள் என்று பெரியம்மாவிடம் சொன்னார். அறுபது வருடமாக எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் வழக்கம் புதைப்பது. உடலைக் குழியில் இறக்கியதும் அருகே நிற்கிற ஒவ்வொருவரும் மண் போட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் போடுவான். வழிப்போக்கன் நின்றுவிட்டால் அவனும் போடுவான். போட்டபின் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து குளிக்க வேண்டும். மற்ற தெருக்களில் எப்படியோ, எங்கள் தெருவில் பெண்களும் இடுகாடு வரை வருவார்கள். அக்கா தன் அம்மாவுக்குப் போட்டாள், புருஷனுக்குப் போட்டாள், மூத்த மகனுக்கும் போட்டாள்.

"எங்க நைனாவுக்கு மட்டும் நான் மண்ணு போடல ஏகா" என்றாள், என் பெயரைச் சுருக்கி. "குழி எங்க கீதுன்னு பாரு. மேல போட்டுட்டு, சரோஜா போட்ட மண்ணுன்னு சொல்லு. வேற ஒண்ணியும் வாணாம்."

எகிப்துக்குப் போகும் காரணம் தானாக அமைந்தது. என் மாப்பிள்ளை போர்ட் சயீதில் கண்டெய்னர் இறக்கும் கிரேன்களுக்கு மெக்கானிக். சுனாமிக்கு அடுத்த ஆண்டு, என் மகளுக்கு அங்கே குழந்தை பிறந்தது. நானும் மனைவியும் புறப்பட்டோம்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் நடந்ததையும் சொல்ல வேண்டும். வியாசர்பாடியில் உள்ள எம்.கே.பி. நகரில் அக்கா குடியிருக்கும் பிளாக்கின் எதிரே, இந்தப் பகுதியிலிருந்து போருக்குப் போய் உயிர்விட்டவர்களின் பெயர் பொறித்த ஒரு கல்லை நடப்போவதாக அங்குள்ள மன்றத்தார் அறிவித்திருந்தார்கள். மன்றச் செயலாளர் தேவராஜ் பட்டாளத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா பெரியப்பாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் போனாள். நானும் கடிதத்தோடு கூடப் போனேன்.

தேவராஜ் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "போர்க்களத்துல உயிர் விட்டவங்க பேர் மட்டும்தாம்மா. இது சீக்குல போனது. நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க" என்றார்.

"நீ பென்சன் வாங்கினு கீறியே, எந்தச் சண்டையில எத்தினி பேர சுட்ட?" என்று அக்கா கேட்டாள். அறையிலிருந்த மற்ற இருவர் சிரித்துவிட்டார்கள். தேவராஜ் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார், அக்காவின் கையில் அல்ல.

பேதியில் போனவன் மகள் என்று சின்ன வயதிலேயே தெருக்குழாயடியில் கேட்டு வளர்ந்தவள் அவள். சண்டைக்குப் போய் வயிற்றால் போய்ச் செத்தான் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு. பெயரை விட்டுவிட்டால் அந்தப் பேச்சே கல்லில் ஏறிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை போர்ட் சயீத். பேத்திக்கு என் அம்மாவின் மூக்கு. மாலையில் மாப்பிள்ளை கால்வாயைக் காட்டக் கூட்டிப்போனார். அக்கரைக்குப் போக டிக்கெட் இல்லாத படகு விடுகிறார்கள். மனிதர், மாட்டு வண்டி, கார் எல்லாம் ஒன்றாக ஏறுகின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் எப்படி ஒன்றன்பின் ஒன்றாக நிற்குமோ, அப்படிக் கப்பல்கள் வரிசையில் போயின. வித்தியாசம், இங்கே வரிசை நகர்ந்தது. நாற்பது நிமிடத்தில் ஏழு கப்பல் எண்ணினேன். மாப்பிள்ளை, "இங்க வந்தும் டாலியா மாமா?" என்றார்.

செவ்வாய் காலை, கடையில் பச்சை நிறத்தில் ஒரு வடை தின்றோம். மொச்சையைப் போல ஒரு பெரிய பயறு, அதை ஊறவைத்து அரைத்து, கொத்தமல்லித் தழை சேர்த்துப் பொரித்தது. நம் மசால் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அதை ரொட்டிக்குள் திணித்துத் தருகிறார்கள். காரம் கிடையாது. என் மனைவி பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்துக் கடைக்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அவர் தின்று, கண்ணீர் விட்டு, இன்னொரு துண்டு கேட்டார்.

இஸ்மாயிலியாவுக்கு மினி வேன். மாப்பிள்ளைக்கு விடுமுறை இல்லை, தனியாகத்தான் போனேன். வேன் பதினான்கு பேர் சேர்ந்தால்தான் புறப்படும். தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவின் அதே சட்டம், அதே நடத்துநர் கூச்சல். இங்கே எங்களூரில் முன்பின் தெரியாதவனை மாமு என்பார்கள். அங்கே எல்லாரையும் இஞ்சினியர் என்கிறார்கள். நானும் இஞ்சினியர், முன்சீட்டில் காலிடுக்கில் வாத்துக் கூடையோடு உட்கார்ந்திருந்தவரும் இஞ்சினியர். பன்னிரண்டு பேரோடு ஐம்பது நிமிடம் நின்றோம். பதின்மூன்றாவதாக ஏறியவர் நாதியா என்ற பள்ளி ஆசிரியை. இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். பதினான்காவது ஆள் வராததால் அந்த இடத்தையும் வாத்துக் கூடைக்குக் கொடுத்துப் புறப்பட்டோம்.

பாதி வழியில் பின் டயர் வெடித்தது. மாற்று டயரும் காற்றில்லாதது. டிரைவர் அதை உருட்டிக்கொண்டு போனார். பாலைவனத்தில் நிழலென்று வேனின் நிழல் மட்டுமே இருந்தது. அதில் பதின்மூன்று பேரும் வாத்துகளும் நெருக்கி உட்கார்ந்தோம். ஒரு அம்மாள் எல்லாருக்கும் வேகவைத்த முட்டை கொடுத்தார். வானத்துக்கும் மணலுக்கும் நடுவே ஒரு கப்பல், தண்ணீரே தெரியாமல், தரையில் நகர்வதுபோல் போயிற்று. பெரியப்பாவும் இதைப் பார்த்திருப்பார். இதைப் பற்றி வீட்டில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

மறுபடி கிளம்பி அரைமணியில் ஒரு சோதனைச் சாவடி. ராணுவ உடையில் இருந்தவர் என் பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். முகர்ந்தார். மருதாணிப் பொடியா என்று கேட்டார். நான் மண் என்றேன். அது அவருக்குப் புரியவில்லை. நாதியா டீச்சர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் அரபியில் நீளமாகச் சொன்னார். சோதித்தவர் பிரித்த நூலைத் தானே சுற்றி, என்னைவிட நன்றாக முடிச்சுப் போட்டு, ஏதோ சொல்லி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சொன்னார்?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"அவருடைய மாமாவும் ஏமனுக்குச் சண்டைக்குப் போய் வரவில்லையாம். அவர் அத்தை இன்னும் மண் போடவில்லையாம்" என்றார்.

டயரால் நேரம் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது போர்க் கல்லறைத் தோட்டத்தின் கேட் சாத்தியிருந்தது. நகருக்குத் திரும்பி ஒரு விடுதியில் தங்கினேன். அரிசி, பருப்பு, மக்ரோனி, வறுத்த வெங்காயம் நான்கையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கொடுத்தார்கள். பசித்தவன் கண்டுபிடித்த சாப்பாடு, வயிறு நிறைந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கேட் திறந்தது. உள்ளே புல்தரை, பூச்செடி, ஒரே உயரத்தில் வெள்ளைக் கற்கள். ஒரு காகிதத் துண்டு இல்லை. இத்தனை சுத்தமான இடத்தில் பெரியப்பா இருக்கிறாரா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இருபத்தைந்து நிமிடம் நீடித்தது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் சாபிர். என் வயதுதான் இருக்கும். வருகிறவர்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் இங்கிலீஷ் வைத்திருந்தார். சுவரிலுள்ள சிறு பெட்டியைத் திறந்து பதிவேட்டைக் கொடுத்தார். அகர வரிசையில் தேடினேன். கல்லறை வரிசைகளில் கன்னியப்பன் இல்லை. மூன்று முறை பார்த்தேன். சவரிமுத்து என்று ஒருவர் இருந்தார். அதே படை. ஊர்: ராயபுரம், மதராஸ். அந்நிய நாட்டுப் பதிவேட்டில் ராயபுரம் என்று படித்ததும் அந்த வரியை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

சாபிர் பின்பக்கத்தில் வேறொரு பகுதியைப் புரட்டிக் காட்டினார். அங்கே இருந்தார். கன்னியப்பன். தகப்பன் பெயர். மனைவி ருக்மணி, வியாசர்பாடி, மதராஸ். எல்லாம் சரி. ஆனால் கல்லறை எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பலகையின் எண் இருந்தது.

அந்தப் பலகை தோட்டத்தின் கோடியில் ஒரு சுவர். மேலே, இவர்களுடைய உடல்கள் நெருப்புக்கு அளிக்கப்பட்டன என்ற பொருளில் ஒரு வாசகம். கீழே பெயர்கள். ஐந்தாவது வரி பெரியப்பா.

நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாபிர் எனக்கு நேரம் கொடுத்து, பிறகு கேட்டார்: "நீங்கள் எரிப்பவர்கள்தானே?"

"இல்லை. புதைப்பவர்கள்."

"பின் ஏன் எரித்தார்கள்?"

அறுபது வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். என் பையில் கடிதம் இருந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் படித்தேன். அவருடைய மத வழக்கப்படி. படிவத்தில் மதம் என்ற இடத்தில் இந்து என்று இருந்திருக்கும். அதில் தவறில்லை. இந்து என்றால் எரிப்பார்கள் என்று முடிவு செய்தது யார்? படிவத்தைப் படித்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்குத் தெரிந்த இந்து எரிப்பவனாக இருந்திருப்பான். அவன் வெள்ளைக்காரனா, நம்மூர்க்காரனா, தெரியாது. என் அப்பாவும் அதே வரியைப் படித்தார். அவருக்குத் தெரிந்த வழக்கம் புதைப்பது. அதனால் அடக்கம் என்று சொன்னார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்த வரியை நம்பி, சரிபார்க்காமல் இவ்வளவு தூரம் வந்த நானும் கேட்கவில்லை.

கேட்பதற்கு ஆள் இல்லாமலா போனான்? சவரிமுத்து அதே ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கழித்து இறந்தார் என்று பதிவேடு சொல்கிறது. பக்கத்துப் படுக்கையாகக்கூட இருந்திருக்கலாம். ராயபுரத்துக்காரனுக்கு வியாசர்பாடி வழக்கம் தெரியாதா? உன் ஊர்க்காரன் இறந்தால் என்ன செய்வீர்கள் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அங்கே ஆள் ஒழியவில்லை.

துறைமுகத்தில் ஒரு மூட்டை குறைந்தால் நாங்கள் வேலையை நிறுத்துவோம். வராத மூட்டைக்கு வரவில்லை என்று ஒரு சீட்டு. கிழிந்து வந்ததற்குக் கிழிந்தது என்று ஒரு சீட்டு. கப்பல் அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் கப்பலைவிட்டு இறங்க மாட்டோம். யூரியா மூட்டைக்கு அந்த மரியாதை உண்டு.

எரித்த இடம் எது என்று கேட்டேன். சாபிரின் தகப்பனாரும் இதே தோட்டத்தில் வேலை செய்தவராம். "அந்தப் பக்கம்" என்று கையை வீசிக் காட்டுவாராம். சாபிரும் வீசிக் காட்டினார். கை போன திசையில் மாந்தோப்பு, அதற்கப்பால் அடுக்குமாடி வீடுகள், ஒரு பந்து மைதானம். கை வீச்சை நான் நாட்குறிப்பின் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

சாபிர் பொட்டலத்தை வாங்கிப் பார்த்து, சுவரின் அடியில் போடலாம், நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். நல்ல மனிதர். நான் மறுத்துவிட்டேன். நாங்கள் மண் போடுவது ஆளுக்கு, பெயருக்கு அல்ல. அக்கா குழிமேல் போடச் சொன்னாள். குழி இல்லை.

போகுமுன் சட்டைப்பையிலிருந்த ஆறு அங்குல ஸ்கேலை எடுத்துப் பலகையிலிருந்த எழுத்துகளின் உயரத்தை அளந்தேன். எல்லாம் ஒரே உயரம். சவரிமுத்துவின் கல்லையும், நான்கு கல் தள்ளியிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கல்லையும் அளந்தேன். அவையும் ஒரே உயரம். குண்டு பட்டவர் யார், பேதியில் போனவர் யார் என்று எந்தக் கல்லிலும் இல்லை. இவர்கள் என் பெரியப்பாவை எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் எப்படிச் செத்தான் என்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் தேவராஜ் கேட்டார். யார்மேல் முதலில் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றேன். சாபிர் டீ கொண்டுவந்தார். சவரிமுத்துவின் கல்லுக்கருகே நின்று குடித்தேன். ஊர்க்காரன் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது.

வியாழன் தொடங்கி ஒரு வாரம் பேத்தியோடு போயிற்று. மனைவி மகளுக்குத் துணையாக இருந்துவிட்டாள். நான் மட்டும் திரும்பினேன்.

சென்னை விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். என்ன மண் என்று கேட்டார். வியாசர்பாடி மண் என்றேன்.

"எகிப்துல இருந்தா வரீங்க?"

"ஆமாம்."

"இங்கருந்து எடுத்துட்டுப் போய், திரும்ப இங்கயே எடுத்துட்டு வரீங்களா?"

"ஆமாம்."

பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டி, இருவரும் சிரித்தார்கள். நூலை அவர்கள் கட்டித் தரவில்லை. மேஜை ஓரத்தில் வைத்து நானே கட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை. என் வீடு திருவொற்றியூரில், காலடிப்பேட்டையில். எம்.கே.பி. நகருக்குப் பஸ் ஏறினேன். சாலையில் லாரிகள் நின்றன, பஸ்ஸும் நின்றது. அந்த நேரத்தில் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். வெள்ளைக் கல், சுற்றிலும் பூச்செடி, பக்கத்தில் ராயபுரத்து ஆள், மண் போட்டேன், நீ சொன்னதைச் சொன்னேன். பூச்செடி வரை உண்மைதான். பொட்டலத்தை வழியில் எங்காவது கொட்டிவிட்டால் முடிந்தது. பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. நான் கொட்டவும் இல்லை.

அக்கா மூன்றாவது மாடி. துறைமுகக் கிடங்கில் கோதுமைச் சாக்கு தைத்துத் தைத்து முட்டி போனவள். படியிறங்குவதே வாரத்துக்கு ஒரு நாள். என் கையில் பொட்டலத்தைப் பார்த்ததும், நான் உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

"போடலியா?"

"இல்லக்கா."

"குழி கெடைக்கலியா?"

"குழியே இல்லக்கா. எரிச்சுட்டாங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பார்த்தாள். கடிதத்தை மறுபடி படித்து அர்த்தம் சொன்னேன். என் அப்பா செய்த தவறையும் சொன்னேன். சவரிமுத்துவைச் சொன்னேன். பலகையில் பெரியப்பாவின் பெயரும் பதிவேட்டில் பெரியம்மாவின் பெயரும் இருந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்.

"கொள்ளி யார் வெச்சது?"

தெரியாது என்றேன். யாரோ ஒருவர். உத்தரவு வாங்கியவர்.

"எங்கம்மா சாவறவரிக்கும் சொல்லினு இருந்துச்சி, உங்க நைனா மண்ணுல குளிர்ச்சியா கீறாருன்னு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

கீழே எதிர்ப்பக்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல் திறப்பு. இடுப்பளவு குழி வெட்டியிருந்தார்கள். கல் பக்கத்தில் சாக்குமேல் படுத்திருந்தது. தேவராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா அந்தக் குழியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டாமல் கதவைத் திறந்தாள். மூன்று மாடிப்படியை இறங்க அவளுக்குப் பதினோரு நிமிடம் ஆனது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

குழியருகே போய்ப் பொட்டலத்தை வாங்கி நூலை அறுத்தாள். தேவராஜ் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா இது? பேர் விஷயம் அன்னிக்கே பேசி முடிச்சாச்சு. கல்லுல எழுதியாச்சு."

"பேர நீயே வெச்சுக்கோ" என்றாள் அக்கா. "குழி எனக்கு."

அவர் பதில் சொல்லுமுன் முதல் பிடி விழுந்துவிட்டது. "நைனா, சரோஜா போடறேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. இரண்டாவது பிடி. பொட்டலத்தைக் கவிழ்த்து உதறி மூன்றாவது. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தேவராஜ் கொத்தனாரைப் பார்த்து, "நீ இன்னா பாத்துனு நிக்கிற, ஜல்லியக் கொட்டு" என்றார்.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "இரு சார். பெரியவங்க மண்ணு போடும்போது கம்னு நின்னுனு கீறது மொற இல்ல" என்று குனிந்து, வெட்டிப் போட்ட மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போட்டார். கலவை போடும் பெண் தலைத்துணியை அவிழ்த்துவிட்டுப் போட்டாள். கல்லைத் தூக்க வந்திருந்த இரண்டு ஆட்கள், யாருக்கு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, பதில் தெரியாமலே போட்டார்கள்.

எல்லாரும் முடிக்கும்வரை காத்திருந்து கடைசியில் போடுவது என் பழக்கம். காத்திருந்தேன். தேவராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு நேரம் கொடுத்தேன். சாபிர் எனக்குக் கொடுத்த அளவு கொடுத்தேன். கைகள் முன்னால் வரவில்லை. நான் ஒரு பிடி எடுத்துப் போட்டேன். ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். கல் எழுந்து குழிக்குள் இறங்கியது.

அக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நானும் பார்க்கவில்லை. மேலே போய், குழாயில் தண்ணீர் வரும் நேரமில்லை என்று குடத்துத் தண்ணீரை எடுத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

அன்றைய நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். மண், இருநூற்று இருபது கிராம், போட்டாயிற்று. குழியருகே நின்றவர்கள்: அக்கா, கொத்தனார், கலவை போடும் பெண், கல் தூக்கிய இருவர், தேவராஜ், நான். ஏழு பேர். மண் போட்டவர்களுக்குக் கோடு: நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று, பக்கத்தில் தனியாக ஒன்று. ஏழாவது கோட்டுக்கு இடம் விட்டிருக்கிறேன். குழி மூடியாகிவிட்டது, அந்த இடத்தில் இனி யாராலும் எதுவும் போட முடியாது.